வேட்டைக் காலமும் பொது நியாயமும்

(பஞ்சாயத்து அங்கத்தினர்க்கும் விவசாயிகளுக்கும் ஒரு பாடம்)

ஊர்ப் பொதுவில் உள்ள ஒரு பொருளை யார், எப்பொழுது, எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்னும் கேள்வி ஒவ்வொரு கிராமத்திலும் ஆண்டுதோறும் எழுகின்றது. ஏரி மீனாயினும், சாலையோரப் புளியமரத்தின் மகசூலாயினும், மேய்க்கால் புறம்போக்கின் புல்லாயினும், கண்மாய் வண்டலாயினும், இவற்றிற்கு ஒரு விதியை எழுதி வைப்பது எளிது. எழுதிய விதியை எல்லோரும் நியாயமென்று ஒப்புக்கொண்டு நடக்கச் செய்வதுதான் அரிது. விதியின் மேல் நம்பிக்கையற்ற ஊரில் இரவில் வலை வீசப்படும். ஏலத்தின் பின் வழக்குத் தொடரும். நல்ல நோக்கத்தோடு செய்த ஏற்பாடும் பகையிலே முடியும்.

இந்தக் கேள்விக்கு விடை காண, நம் நாட்டுக்கு வெகு தொலைவிலுள்ள ஓர் இடத்தின் அனுபவத்தை ஆராய்வோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த பென்சில்வேனியா மாநிலத்தில் காட்டு மான் ஒரு பொதுப் பொருள். அதனை வேட்டையாடும் காலம் எது, அதற்குரிய அனுமதி யாருக்கு என்பவற்றை ஆண்டுதோறும் முன்மொழிந்து, மக்கள் கருத்தைக் கேட்டு, பின்பே முடிவு செய்கின்றனர். அம்முறையில் நிறைவும் உண்டு, குறையும் உண்டு. இரண்டும் நமக்குப் பயன்படுவன.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. 1991-இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தத்தால், லைசென்ஸ் பெற்று வேட்டையாடும் பழைய முறையும் நீங்கிற்று. ஆகவே இங்கே வேட்டைக் காலம் என்பதே இல்லை. நாம் கற்கவிருப்பது வேட்டையை அன்று. பொதுப் பொருளுக்கு விதி செய்யும் முறையையே.

அழிவும் மீட்சியும்

பென்சில்வேனியாவின் மலைக்காடுகளில் ஒருகாலத்தில் வெண்வால் மான் நிறைந்திருந்தது. காட்டை வெட்டித் தள்ளியதாலும், இறைச்சிக்கும் தோலுக்கும் வரைமுறையின்றிச் சுட்டதாலும், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மான் காண்பதே அரிதாயிற்று. அந்நிலையில் 1895-இல் மாநிலச் சட்டத்தின் வாயிலாக வேட்டை விலங்குக் கமிஷன் ஒன்று ஏற்பட்டது. 1906-இல் வெளி மாநிலத்திலிருந்து மான்களை விலைக்கு வாங்கிக் காட்டில் விடத் தொடங்கினர். 1907-இல் பெண்மானைச் சுடுதல் தடை செய்யப்பட்டது. 1913-இல் மாநிலவாசிகளும் லைசென்ஸ் பெற்றே வேட்டையாட வேண்டும் என்னும் விதி வந்தது. 1920 முதல் கமிஷன் தன் நிதியைக் கொண்டு நிலம் வாங்கிப் பொது வேட்டைக்காடுகளை அமைத்தது. இன்று அவற்றின் பரப்பு 15 லட்சம் ஏக்கருக்கு மேல்.

மீட்சி எதிர்பார்த்ததற்கு மேலாகவே வந்தது. பெண்மானைக் காத்ததாலும், மானைத் தின்னும் ஓநாயும் மலைச்சிங்கமும் முன்னமே அற்றுப் போனதாலும், மான் பல்கிப் பெருகிற்று. நல்ல உணவு கிடைக்கும் இடத்தில் வளர்ந்த பெண்மான் ஆண்டுக்கு இரண்டு குட்டி ஈனுவது இயல்பு. சில பத்தாண்டுகளுக்குள் காட்டில் இளங்கன்றுகளை மான் மேய்ந்துவிட, காடு புத்துயிர் பெறாத நிலை வந்தது. மக்காச்சோளமும் சோயா மொச்சையும் ஆப்பிள் தோட்டமும் வைத்திருந்த விவசாயிகள் முறையிட்டனர். ஆகவே 1923 முதல் சிற்சில இடங்களில் பெண்மான் வேட்டைக்கு அனுமதி தரவேண்டியதாயிற்று.

அப்பொழுது எழுந்த எதிர்ப்பு கவனிக்கத்தக்கது. பெண்மானைச் சுடுவது பாவம், இழிவு என்று ஒரு தலைமுறைக்குக் கற்பித்த அதே கமிஷன், இப்பொழுது அதைச் சுடுங்கள் என்று சொல்ல நேர்ந்தது. அதை நம்ப வேட்டைக்காரர் பலர் மறுத்தனர். காரணம் மாறியதை மக்களுக்கு விளக்காமல் விதியை மட்டும் மாற்றினால், நியாயமான மாற்றமும் நம்பிக்கைத் துரோகமாகத் தோன்றும். இது முதற் பாடம்.

காலம் வகுக்கும் முறை

வேட்டைக் காலம் என்பது மனம்போன போக்கில் குறிக்கும் நாள் அன்று. வெண்வால் மான் அம்மாநிலத்தில் பெரும்பாலும் நவம்பர் நடுவில் இணை சேரும்; மே இறுதியிலும் ஜூனிலும் குட்டி ஈனும். குட்டி தாயை நம்பியிருக்கும் மாதங்களில் வேட்டை கூடாது. ஆதலால் வில் வேட்டைக்கு இலையுதிர் காலத்தையும், துப்பாக்கி வேட்டைக்கு, இணை சேர்தல் பெரும்பாலும் முடிந்த நவம்பர் இறுதியையும் டிசம்பரையும் ஒதுக்கியுள்ளனர். நம் ஊரில் மீன் சினை விடும் காலத்தில் வலை வீசலாகாது என்பதும் இதே அறிவைச் சேர்ந்ததே.

விதி செய்யும் அதிகாரம் கமிஷனின் ஆட்சிக் குழுவிடம் உள்ளது. அதன் உறுப்பினரை மாநிலக் கவர்னர் நியமிக்க, செனட் சபை இசைவளிக்கின்றது. அங்கே கவர்னர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். குழுவினர் மாநிலத்தின் வெவ்வேறு பகுதிகளைச் சேர்ந்தவர்கள், சம்பளம் பெறாதவர்கள்.

ஜனவரிக் கூட்டத்தில், வரும் ஆண்டுக்குரிய காலங்களையும் அளவுகளையும் முன்மொழிகின்றனர். முன்மொழிவு அச்சிட்டு வெளியிடப்படுகின்றது. யாரும் கடிதம் எழுதலாம். கூட்டத்துக்கு நேரில் வந்தும் பேசலாம். ஏப்ரல் கூட்டத்திலேயே இறுதி வாக்கெடுப்பு நடைபெறும். முன்மொழிவுக்கும் முடிவுக்கும் இடையே ஏறத்தாழ மூன்று மாதம் கழிகின்றது. இந்த இடைவெளிதான் அம்முறையின் உயிர்நாடி எனலாம். ஒரே கூட்டத்தில் பொருளை எடுத்து அதே கூட்டத்தில் முடித்துவிடும் வழக்கம் விரைவானதாகத் தோன்றும். ஆனால் அன்று வர இயலாதவன் குரல் அதில் என்றும் இடம் பெறாது.

கணக்கே அடிப்படை

எத்தனை பெண்மானை எடுக்கலாம் என்பது அதைவிடக் கடினமான கேள்வி. மாநிலத்தை 20-க்கு மேற்பட்ட வட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டத்துக்கும் தனித்தனியே பெண்மான் அனுமதிச் சீட்டுகளின் எண்ணிக்கையைக் குறிக்கின்றனர். அண்மை ஆண்டுகளில் மாநிலம் முழுவதற்கும் சேர்த்து 10 லட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு சீட்டும் ஒரு மானாகி விடாது; பலர் வெறுங்கையோடு திரும்புவர். அக்கழிவையும் கணக்கிட்டே எண்ணிக்கை வகுக்கப்படுகின்றது. ஆண்மானும் பெண்மானும் சேர்ந்து ஆண்டுக்கு 4 லட்சத்துக்கு மேற்பட்ட மான்கள் அங்கே வேட்டையாடப்படுகின்றன.

காட்டிலுள்ள மானை ஒவ்வொன்றாக எண்ண முடியாதன்றோ? ஆகவே பல வழிகளில் கணக்கெடுக்கின்றனர். மானைச் சுட்டவர் உடனே அதற்குச் சீட்டுக் கட்டி, 10 நாட்களுக்குள் கமிஷனுக்கு அறிவிக்க வேண்டும். எல்லோரும் அறிவிப்பதில்லை என்பதை அறிந்தே, கமிஷன் ஊழியர் இறைச்சி வெட்டும் கடைகளுக்குச் சென்று மான்களின் பல்லைப் பார்த்து வயதைக் குறித்துக்கொள்கின்றனர். அங்கே கண்ட சீட்டு எண்களை வந்த அறிக்கைகளோடு ஒப்பிட்டால், எத்தனை பேர் அறிவிக்காமல் விட்டனர் என்பது தெரியவரும். அதைக் கொண்டு மொத்தக் கணக்கு மதிப்பிடப்படுகின்றது. காட்டில் இளங்கன்று முளைத்து எழுகின்றதா, மானுக்கு நோய் உண்டா என்பனவும் சேர்த்துப் பார்க்கப்படுகின்றன. 2012-இல் அம்மாநிலத்தில் மானை உருக்கிக் கொல்லும் தீராத நோய் ஒன்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதன் பின்னர் நோய் கண்ட பகுதிகளுக்குத் தனி விதிகளும் செய்யப்பட்டன.

மக்கள் சொல்லும் கணக்கை அப்படியே ஏற்பதும் தவறு. அவர்கள் பொய் சொல்கின்றனர் என்று ஒதுக்குவதும் தவறு. கேட்ட கணக்கை வேறொரு வழியில் சரிபார்ப்பதே முறை. ஏரியில் இத்தனை மீன் பிடிபட்டது என்று குத்தகைதாரர் சொல்வதைச் சந்தை எடையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பஞ்சாயத்து, அடுத்த ஏலத்தில் ஏமாறாது.

எவருக்கு எந்த நாள்?

மானின் நலனைப் பார்த்துக் காலத்தை வகுத்தாயிற்று. அக்காலத்துக்குள் எந்த நாளைத் திறப்பது என்பது மனிதரைப் பற்றிய கேள்வி. இங்கேதான் நியாயம் பற்றிய வழக்குகள் மிகுதியாக எழுந்தன. அவற்றுள் மூன்றைக் காண்போம்.

முதலாவது, தொடக்க நாள். நவம்பர் நான்காம் வியாழக்கிழமை அந்நாட்டாரின் நன்றி நவிலும் திருநாள். அதை அடுத்த திங்கட்கிழமையன்று துப்பாக்கி வேட்டை தொடங்குவது 1963 முதல் வழக்கமாயிருந்தது. நாட்டுப்புறப் பள்ளிகள் பல அன்று விடுமுறை விடுவதும் உண்டு. ஆயினும் நகரத்தில் கூலிக்கும் சம்பளத்துக்கும் உழைப்பவர், வெளியூரில் படிக்கும் இளைஞர் முதலியோருக்குத் திங்கட்கிழமை வாய்ப்பதில்லை. 2019-இல் கமிஷன் அதனைத் திருநாளை அடுத்த சனிக்கிழமைக்கு மாற்றிற்று. மற்றொரு சாரார் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். தொலைவிலுள்ள மலைக்குடில்களுக்குச் சனி, ஞாயிறு இரு நாளும் பயணம் செய்து, குடும்பத்தோடும் நண்பரோடும் கூடித் திங்களன்று காடு புகும் வழக்கம் அவர்களுடையது. அவ்விரு நாட்களில் நடக்கும் வியாபாரத்தை நம்பியிருந்த மலையூர்க் கடைக்காரரும் விடுதியாரும் அவர்களோடு சேர்ந்தனர். ஒருவருக்குக் கதவைத் திறந்த அதே மாற்றம் மற்றொருவரின் மரபைக் குலைத்தது. ஆதலால் அவ்வாதம் வாக்கெடுப்போடு ஓயவில்லை. எந்த நாளைக் குறித்தாலும் யாரேனும் ஒருவர் இழப்பர். இழப்பவர் யார் என்பதை முன்கூட்டி அறிந்து, வெளிப்படையாகச் சொல்லி முடிவெடுப்பதே நேர்மை.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை. 1873 முதல் அம்மாநிலத்தில் ஞாயிறன்று வேட்டை தடை செய்யப்பட்டிருந்தது. நரி, காகம் போன்ற சிலவற்றிற்கு மட்டுமே விலக்கு இருந்தது. சனிக்கிழமையும் வேலை செய்யும் உழைப்பாளிக்கு இத்தடையால் ஆண்டில் சில நாட்களே மிஞ்சின. மறுபுறம், வாரத்தில் ஒரு நாளாவது துப்பாக்கி ஓசையின்றி, தம் நிலத்தில் அயலார் நுழைவின்றி இருக்க வேண்டும் என்று விவசாயிகள் கோரினர். காட்டில் உலாவச் செல்வோரும் குதிரை ஓட்டுவோரும் அவ்வாறே வேண்டினர். பல ஆண்டுகள் வழக்கு அசையாமல் நின்றது.

2019-இல் ஒரு நடுவழி கண்டனர். மூன்று ஞாயிறுகள் மட்டும் திறக்கப்பட்டன. அதற்கு ஈடாக, அந்நாட்களில் தனியார் நிலத்தில் வேட்டையாட உரியவரின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும் என விதித்தனர். அத்துமீறி நுழைவதையே தனிக் குற்றமாகக் கொண்டு தண்டிக்கும் அதிகாரமும் கமிஷனின் காவலருக்குக் கிடைத்தது. அதே காலத்தில், மரத்தில் ஊதா வண்ணக் கோடு பூசினால் அதுவே ‘அனுமதியின்றி நுழையாதே’ என்னும் அறிவிப்பாகும் என்று மாநிலத்தின் பெரும்பகுதிக்கும் வேறொரு சட்டம் வந்தது. பலகை அடித்து, அது விழ, மீண்டும் அடிக்கும் தொல்லை விவசாயிக்கு இதனால் நீங்கிற்று. சில ஆண்டு அனுபவத்துக்குப் பின், 2025 ஜூலையில் ஞாயிறு தடையை முற்றும் நீக்கும் சட்டம் நிறைவேறிற்று. எந்தெந்த ஞாயிறு என்று குறிக்கும் பொறுப்பு கமிஷனுக்கு வந்தது. ஒரு நூற்றைம்பது ஆண்டுத் தடை நீங்குவதற்கு, நிலமுடையவரின் அச்சத்துக்கு முதலில் மருந்து காண வேண்டியிருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

மூன்றாவது, பெண்மான் சீட்டு. முன்னர் இச்சீட்டை மாவட்டப் பொருளாளர் அலுவலகத்துக்குத் தபாலில் விண்ணப்பித்துப் பெற வேண்டும். அதற்கென்றே இளஞ்சிவப்பு உறையும் இருந்தது. உறை எழுதுவதில் பிழை நேர்ந்தாலோ, தபால் ஒரு நாள் தாமதித்தாலோ, சீட்டுக் குறைந்த வட்டங்களில் வாய்ப்புப் போய்விடும். 2023 முதல், லைசென்ஸ் விற்கும் எல்லாக் கடைகளிலும் கணினி வழியாகவும் சீட்டு விற்கும் ஏற்பாடு வந்தது. முதல் நாளிலேயே கடைகளின் முன் நீண்ட வரிசை நின்றது. கணினியிலும் ஆயிரக்கணக்கானோர் காத்திருக்க நேர்ந்தது. முந்தினவருக்கு முதலிடம் என்னும் விதி சமமானது போலத் தோன்றும். ஆனால் பகலில் வேலையை விட்டு வர முடியாதவனும், கணினி வசதி அற்றவனும் அதில் பின்தங்குவர். தபால் உறையின் குறையைப் போக்கிய முறை வரிசையின் குறையைக் கொண்டுவந்தது. வழியை மாற்றினால் மட்டும் போதாது; புதிய வழியில் தடுக்கி விழுபவர் யார் என்றும் பார்த்தல் வேண்டும்.

அரிய பொருளுக்குச் சீட்டுக் குலுக்கல்

பொருள் மிக அரிதாயின் முந்தினவருக்கு என்னும் விதி அறவே பொருந்தாது. எல்க் என்னும் பெரிய மானினம் பென்சில்வேனியாவில் முற்றும் அழிந்து போயிருந்தது. 1913 முதல் 1926 வரை மேற்கு மாநிலங்களிலிருந்து கொணர்ந்து மீண்டும் குடியேற்றினர். பல பத்தாண்டுக் காத்திருப்புக்குப் பின் 2001-இல் அதற்கு வேட்டைக் காலம் திறக்கப்பட்டது. அவ்வாண்டு அளிக்கப்பட்ட லைசென்ஸ் 30. விண்ணப்பித்தவரோ 50,000-க்கு மேற்பட்டோர். அதிக விலை கொடுப்பவருக்கு என்று ஏலம் போட்டிருந்தால் செல்வர் முப்பதின்மரே பெற்றிருப்பர். எல்லோர் பெயரையும் இட்டுக் குலுக்கி எடுத்ததால் கூலியாளும் செல்வரும் ஒரே நிலையில் நின்றனர். பிற்காலத்தில், கிடைக்காமல் போன ஒவ்வோர் ஆண்டுக்கும் விண்ணப்பதாரருக்கு ஒரு புள்ளி சேர்த்து, அடுத்த குலுக்கலில் அவருடைய வாய்ப்பைக் கூட்டும் ஏற்பாடும் வந்தது. பல முறை காத்திருந்தவரைப் புதிதாக வந்தவரோடு ஒரே தட்டில் வைப்பதும் நியாயமன்று என்பதே இதன் கருத்து.

உள்ளூரார், வெளியூரார் என்னும் வேறுபாடு பற்றியும் ஒரு சொல். பென்சில்வேனியாவில் மாநிலவாசியின் பொது லைசென்ஸ் கட்டணம் பல ஆண்டுகளாக 20 டாலரை ஒட்டி இருந்துவர, வெளிமாநிலத்தார் 100 டாலருக்கு மேல் கட்டினர். இவ்வேறுபாடு முறையா? மான்டானா மாநிலத்தில் எல்க் வேட்டைக்கு உள்ளூராருக்கு 9 டாலரும், வெளியாருக்கு 225 டாலரும் வாங்கியது குறித்து வழக்கு எழுந்தபோது, அந்நாட்டின் தலைமை நீதிமன்றம் 1978-இல் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. பொழுதுபோக்கு வேட்டை ஒருவரின் பிழைப்பு அன்று என்பது அதற்குரிய காரணங்களுள் ஒன்று. ஆனால் அதே நீதிமன்றம் 1948-இல், தென் கரோலினா மாநிலம் இறால் பிடிக்கும் படகுக்கு உள்ளூராரிடம் 25 டாலரும் வெளியாரிடம் 2,500 டாலரும் வாங்கியதைச் செல்லாதென்றது. அங்கே மீனவரின் பிழைப்பே கேள்விக்குள்ளாயிற்று. பிழைப்புக்காகப் பொதுப் பொருளை நாடுபவரும், விருப்பத்துக்காக நாடுபவரும் ஒன்றல்லர். பஞ்சாயத்து விதி செய்யும்போது இவ்வேறுபாட்டைக் கருதுதல் நன்று.

விவசாயியும் வேட்டைக்காரரும்

பென்சில்வேனியாவில் மான் பொதுவுடைமை. ஆனால் அது மேயும் வயல் தனியுடைமை. மானைக் காப்பதன் செலவு விவசாயியின் பயிரில் விழுகின்றது. இம்முரணைத் தீர்க்காமல் எந்த விதியும் நிலைக்காது என்பதை அம்மாநிலத்தார் விரைவில் உணர்ந்தனர்.

1936 முதல் ஒரு கூட்டுறவு ஏற்பாடு நடந்து வருகின்றது. விவசாயி தம் நிலத்தைப் பொது வேட்டைக்குத் திறந்து வைக்க உடன்படுகின்றார். அதற்குக் கைம்மாறாகக் கமிஷன் அறிவிப்புப் பலகை, காவல், விலங்கு வாழிடத்துக்கான உதவி ஆகியவற்றை அளிக்கின்றது. குடியிருக்கும் வீட்டுக்கும் பண்ணைக் கட்டடத்துக்கும் 150 கஜத்துக்குள், உரியவர் அனுமதியின்றித் துப்பாக்கி வேட்டை கூடாது. துப்பாக்கி மான் வேட்டையின்போது தலை, மார்பு, முதுகு மூன்றிலும் ஒளிரும் ஆரஞ்சு வண்ணம் அணிதல் கட்டாயம்.

பயிரை அழிக்கும் மானைக் கொல்ல விவசாயிக்குச் சட்டத்தில் இடமுண்டு. பொது வேட்டைக் காலத்துக்கு வெளியே பிற வேட்டைக்காரரை அழைத்துக் குறிப்பிட்ட எண்ணிக்கை மான்களைக் குறைக்கும் தனி அனுமதியும் உண்டு. நிலத்தைப் பொது வேட்டைக்குத் திறந்தவர்க்கே இத்தனி அனுமதி என்னும் நிபந்தனை நெடுங்காலம் இருந்தது. கதவை மூடிக்கொண்டு, மான் மிகுந்துவிட்டதென்று முறையிடுவது பொருந்தாது என்பது அதன் உட்கருத்து. மேலும், 1991 முதல் நடைபெறும் ஒரு தொண்டு ஏற்பாட்டின் வழியாக, வேட்டைக்காரர் அளிக்கும் மான் இறைச்சி ஏழைகளுக்கு உணவாகச் சேர்க்கப்படுகின்றது.

இவற்றிற்கான செலவு பொது வரியிலிருந்து வருவதன்று. லைசென்ஸ் கட்டணம், கமிஷன் காடுகளின் மர வருவாய் முதலியன, 1937-ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மேல் விதிக்கப்படும் தீர்வையின் பங்கு ஆகியவையே அதன் நிதி. பயன் கொள்பவரே பாதுகாப்புக்கும் பணம் தருகின்றனர். இது ஒரு பலம். ஆனால் பணம் தருபவரின் குரலே ஓங்கி, வேட்டையாடாத விவசாயியும் பொதுமக்களும் பின்தள்ளப்படும் அபாயமும் இதில் உண்டு. குத்தகைப் பணம் கட்டுபவரின் சொல்லே ஏரி நிர்வாகமாகிவிடும் ஊர்களை நாம் அறிவோம்.

நமக்குரிய பாடம்

நம் நாட்டிலும் காட்டோர விவசாயிகளின் துயரம் சிறிதன்று. நிலக்கடலையும் மரவள்ளியும் மக்காச்சோளமும் ஓரிரவில் காட்டுப்பன்றியால் பாழாவதைப் பலர் அறிவர். ஆயினும் விவசாயி தாமே சுடுவதோ, கண்ணி வைப்பதோ, நாட்டு வெடி வைப்பதோ, வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதோ குற்றம். அத்தகைய மின்வேலி யானையையும் கொல்லும். அயலான் வீட்டுப் பிள்ளையையும் கொல்லும். நிற்கும் பயிர் உள்ளிட்ட உடைமைக்கு அபாயம் நேரும்போது, எழுத்து மூலமான ஆணையால் சில விலங்குகளை அகற்ற 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு வனத்துறைத் தலைமை அதிகாரிக்கு இடமளிக்கின்றது. கேரளத்தில் 2022-இல் காட்டுப்பன்றியைப் பொறுத்து இவ்வதிகாரம் பஞ்சாயத்துத் தலைவர் முதலிய உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட முறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடலாகாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். எனவே பஞ்சாயத்தின் வேலை துப்பாக்கி எடுப்பதன்று. சேதத்தை ஒழுங்காகக் கணக்கெடுத்துத் தருவதும், எல்லா விவசாயிகளின் முறையீடும் சமமாகச் சேரும்படி செய்வதுமே.

பென்சில்வேனியாவின் முறையிலிருந்து நம் ஊருக்கு ஏற்றவாறு கொள்ளத்தக்கவை இவை:

1. பொதுப் பொருளைப் பற்றிய எம்மாற்றத்தையும் ஒரு கூட்டத்தில் முன்மொழிந்து மற்றொரு கூட்டத்தில் முடிவு செய்க. நம் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகின்றது. குடியரசு நாளில் முன்மொழிந்து, மார்ச்சில் ஆட்சேபணை கேட்டு, மே தினத்தில் முடிவெடுக்க யாதொரு தடையும் இல்லை.

2. முன்மொழிவை எளிய தமிழில் எழுதி, நியாயவிலைக் கடை, பள்ளி, பால் சங்கம் ஆகிய இடங்களில் ஒட்டுக. கூட்டத்துக்கு வர இயலாதவரின் கருத்தை எழுத்தில் பெறுக. எழுதத் தெரியாதவர் சொல்வதை ஓர் அங்கத்தினர் எழுதிக்கொள்க.

3. பயிர்ச் சேதத்துக்கு ஒரு பதிவேடு வைக்க. நாள், சர்வே எண், பயிர், சேதமான பரப்பு, விலங்கின் அடையாளம் ஆகியவற்றை அன்றே குறிக்க. குத்தகைக்கு உழுபவரின் சேதத்தையும் விடாது எழுதுக. பட்டா உடையவர் பெயர் மட்டும் ஏறும் பதிவேடு பாதிக் கணக்கே.

4. பொருள் போதுமான அளவு இருந்தால் எல்லோருக்கும். குறைந்தால் முறை வைத்து. மிக அரிதானால் சபையின் முன்னிலையில் சீட்டுக் குலுக்கி. சென்ற முறை கிடைக்காதவருக்கு அடுத்த முறை முன்னுரிமை தருக.

5. புதிய விதியால் யார் இழப்பர் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதுக. அவ்விழப்புக்கு ஈடு என்ன என்பதையும் எழுதுக.

6. விதிக்கு ஓராண்டு அல்லது ஈராண்டு வரம்பு வைத்து, முடிவில் மறுபடி ஆராய்க. தவறான விதி ஒன்று நூறாண்டு நிற்பதைவிட, சிறு மாற்றமாகத் தொடங்கி அனுபவத்தால் திருத்தப்படுவது மேல்.

விதியை நியாயமென மக்கள் ஏற்பதற்கு அது தமக்கு இலாபமாயிருக்க வேண்டும் என்பதில்லை. தம் சொல் கேட்கப்பட்டது, கணக்கு மறைக்கப்படவில்லை, தம் இழப்பு கருதப்பட்டது என்னும் மனநிறைவே போதும். அம்மனநிறைவு உள்ள ஊரில் காவலாளிக்கு வேலை குறைவு. அடுத்த கிராம சபைக்கு இன்னும் நாள் இருக்கின்றது. நம் ஊரின் பொதுப் பொருள்களுள் ஒன்றையேனும் எடுத்து, இம்முறையில் விதி செய்து பார்ப்போமாக.

விவாதத்திற்குரிய வினாக்கள்

1. நம் ஊர் ஏரி மீன் ஏலத்தின் நாளும் நேரமும் யாருக்கு வசதியாக உள்ளன? யாருக்கு வசதியாக இல்லை?

2. பிழைப்புக்காகப் பொதுப் பொருளை நாடுபவர் நம் ஊரில் எத்தனை குடும்பத்தார்? அவர்களுக்கு இன்று என்ன பங்கு கிடைக்கின்றது?

3. சென்ற ஓராண்டில் விலங்குகளால் நேர்ந்த பயிர்ச் சேதத்தின் கணக்கு நம்மிடம் உண்டா? இல்லையெனில், அதை எழுதும் பொறுப்பை யாரிடம் ஒப்படைக்கலாம்?

4. ஒரு விதியை மாற்றும்போது, அதன் பழைய காரணத்தையும் புதிய காரணத்தையும் ஊராருக்கு விளக்க எவ்வழி சிறந்தது?